948-ஐ 1147 ஆக்கலாமா?



அறந்தாங்கியில் எங்கள் அத்தா விட்டுச்சென்ற சொத்துகளில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் உண்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினைப் பொருத்தித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. இந்த உறவுமுறையை அறிந்த நாள்முதல் என் அக்காள் மகனுக்கு உறக்கமில்லை. “மாமா, எப்படியும் எஞ்சினைப் பிரிக்கத்தானே போகிறோம், கையோடு பெரிதாக்கிவிடுவோம்” என்கிறான்.

அவன் ஆசைக்குக் கணக்கு இடம் தருகிறது. ஹெரால்டின் சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 76 மி.மீ. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 948 சி.சி. ஏறியிறங்கும் தூரத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 69.3 ஆக்கியபோது 1147 சி.சி.யும், 73.7 ஆக்கியபோது 1296 சி.சி.யும் கிடைத்தன. பின்னர் தூரத்தையும் 87.5க்கு நீட்டி 1493 வரை போனார்கள். ஆனால் இவையெல்லாம் தொழிற்சாலையில் அதற்கென்றே வார்த்த பிளாக்குகள். நம் 948 பிளாக்கை லேத்தில் ஏற்றி ஆறு மி.மீ. குடைந்தால் சுவர் தாங்காது. பட்டறையில் செய்யக்கூடியது 20, 30, 40 தௌ என்று படிப்படியாகப் போரிங் போடுவதுதான். 40 தௌ என்பது ஏறக்குறைய ஒரு மி.மீ. அதில் கூடுவது 30 சி.சி. அளவே.

அப்படியானால் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினையே வரவழைப்போம் என்றான். வண்டியின் மற்ற உறுப்புகளைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. ஸ்பிட்ஃபயருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தார்கள். நம்முடையதில் நான்கும் டிரம். பின் அச்சோ, வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரத்தை உள்நோக்கி மடக்கும் வகை. இளைஞர்கள் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள், வீட்டிலிருப்போர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. 948 என்று எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு 1147இல் ஓடுவது, நாளை வாங்குபவரிடமும் சொல்ல வேண்டிய செய்தி. சொன்னால் வாங்குவாரா, சொல்லாமல் விற்பது நமக்கு ஆகுமா?

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் கேள்வி வேறு. வண்டி இன்னும் பங்கு பிரிக்கப்படவில்லை. நான்கு பங்கில் இரண்டு எனக்கு, ஒவ்வொன்று அக்காவுக்கும் தங்கைக்கும். தங்கை விற்றுவிடலாம் என்னும் எண்ணத்தில் இருந்தவள். அவளைக் கேளாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற எனக்கு உரிமை இல்லை. பெண்பிள்ளைகளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நம் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இருவரையும் உட்கார்த்திக் கணக்கை விளக்கியபோது தங்கை கேட்ட முதல் கேள்வி, “பெரிதாக்கினால் விலை கூடுமா, குறையுமா?” பழைய வண்டி தேடுவோர் அசல் எஞ்சின் எண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். “பின்னே எதற்கு?” என்றாள். மருமகன் வாய் திறக்கவில்லை.

இருவரும் சம்மதித்த பின்பே எஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தலையில் 30 என்று பொறித்திருந்தது. அத்தா காலத்திலேயே ஒரு முறை போரிங் போட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் 948 என்றிருந்த வண்டி இத்தனை ஆண்டுகள் 970 சி.சி.யில் ஓடியிருக்கிறது! தேய்மானம் இப்போது 40 தௌவையும் தாண்டிவிட்டதாக லேத் பட்டறைக்காரர் அளந்து சொன்னார். ஆகவே நான்கு சிலிண்டருக்கும் லைனர் இறக்கி, பழைய 63 மி.மீ.க்கே திரும்புவது என்று முடிவாயிற்று. இதற்குச் செலவு கூடுதல்தான். ஆனால் அடுத்த தலைமுறைக்கு மீண்டும் மூன்று முறை போரிங் போட இடமிருக்கும்.

செலவையும் நான்கு பங்காக்கினோம். மணமேல்குடிக் கடற்கரை வரை ஒரு முறை அந்த வண்டியில் அழைத்துப் போவதானால் தன் பங்கைத் தருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். பிஸ்டன்கள் இன்னும் வந்துசேரவில்லை.