ஸ்பீக்கரை எரிப்பது சத்தம் அல்ல

சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிற ஒருவரைத் தேடி மாடி ஏறினேன். உட்கார இடமில்லாத பட்டறை. மேசையில் 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று பிரித்துக் கிடந்தது. அதன் வாய்ஸ் காயிலை எடுத்துக் கையில் கொடுத்தார். செம்புக் கம்பி கறுத்துச் சுற்றுப் பிரிந்திருந்தது. எனாமல் கருகிய வாடை விரலில் ஒட்டிக்கொண்டது.

"சத்தமா வச்சதால எரிஞ்சிடுச்சுன்னு கொண்டாந்தாங்க. இது சத்தத்தால எரிஞ்சதில்ல சார். டிசி."

24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போர்டுக்குப் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் சுமார் 34 வோல்ட் வரும். 5200, 1943 என்று ஜோடியாக நிற்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒன்று ஷார்ட் ஆனால், அந்த 34 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் ஏறக்குறைய 6 ஓம்தான் காட்டும். கணக்குப் போட்டால் சுமார் 5.7 ஆம்பியர், 190 வாட். அத்தனையும் சூடு. பாட்டு ஓடும்போது கோன் ஆடுவதால் காயிலுக்குக் கொஞ்சம் காற்றாவது கிடைக்கும். டிசியோ கோனை ஒரு பக்கமாகத் தள்ளி அங்கேயே பிடித்து வைத்துவிடும்.

ஃபியூஸ் இருக்கிறதே என்றேன். "5 ஆம்பியர் ஃபியூஸ் 5.7-ல உடனே போயிடுமா? காயில் முதல்ல போயிடும்." பழைய 4440 ஐசி ஸ்டீரியோ செட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. அவுட்புட்டில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும். பவர் கூடியது, டபுள் சப்ளை வந்தது, அந்தக் கெப்பாசிட்டர் போனது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் புரொடெக்‌ஷன் போர்டு. யூபிசி 1237 என்ற எட்டுக் கால் ஐசி, ஒரு ரிலே, சில்லறைப் பொருள்கள். ஸ்விட்ச் போட்டதும் சில விநாடி பொறுத்துத்தான் ரிலே ஸ்பீக்கரைச் சேர்க்கும். ஆன் செய்யும்போது வரும் 'டும்' அதோடு ஒழியும். அவுட்புட்டில் டிசி தலைகாட்டினால் பிரித்துவிடும். பேஸ் அடியை டிசி என்று எண்ணி ஏமாறாமலிருக்க, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வேகமான அசைவை வடிகட்டிவிடுகின்றன.

புது போர்டை அவர் சோதிக்கிற விதம் எனக்குப் பிடித்தது. போர்டுக்குச் சப்ளை கொடுத்து, ஆம்ப்ளிஃபயர் வயர் வர வேண்டிய இடத்தில் 9 வோல்ட் பேட்டரியை வைத்தார். 'டக்'கென்று ரிலே விட்டது. எடுத்தார்; பிடித்தது. பேட்டரியைத் திருப்பி வைத்தார். மறுபடி 'டக்'. "ரெண்டு பக்கமும் பாக்கணும். பிளஸ்ஸுக்கு மட்டும் விட்டா பாதி வேலைதான்."

பிறகு ரிலேயின் மூடியைக் காட்டினார். 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி என்று இரண்டு அளவு. ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் பிரியும்போது எழும் பொறி அணைந்துவிடும். டிசி பொறிக்கு அந்த ஓய்வு இல்லை. 45-0-45 போட்ட பெரிய செட்டில் 63 வோல்ட். காண்டாக்ட் பிரிந்த பிறகும் இடைவெளியில் பொறி நின்று, கரன்ட் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். அதனால் ஸ்பீக்கரை ரிலேயின் நடுக் காலில் கொடுத்து, சும்மா விடப்படும் மூன்றாவது காலை கிரவுண்டில் கட்டுகிறார். ரிலே விட்டால் ஸ்பீக்கரின் இரு முனையும் ஒன்றாகிவிடும். பொறி நின்றாலும் கரன்ட் கிரவுண்டுக்குப் பாய்ந்து ஃபியூஸைத் தூக்கும். ஒரு துண்டு வயர்தான் செலவு. இனி யாருடைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாலும் அந்த வயரைத்தான் முதலில் தேடுவேன்.

புளூடூத், லைட், ரிமோட் எல்லாம் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளர்கள் புரொடெக்‌ஷன் போர்டை மட்டும் கேட்பதில்லையாம். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற போர்டு. அவரே போட்டுவிட்டுப் பில்லில் 'வயரிங்' என்று எழுதிவிடுகிறார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எரிந்த ட்வீட்டரோடு படியேறி வந்தான். "அண்ணே, புரொடெக்‌ஷன் போட்டுத்தானே குடுத்தீங்க? அப்புறம் எப்படி?"

வால்யூமை முழுக்கத் திருகி ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆனாலும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டாலும், ட்வீட்டர் எரியும்; ஆனால் வருவது டிசி அல்ல. ரிலேவுக்கு ஒன்றும் தெரியாது.

"எவ்ளோல வச்ச?"

"ஃபுல்லுதாண்ணே. கோயில் திருவிழா."