முதல் எழுத்து மட்டும்

உதவி என்னும் சொல் எளியது. உதவும் முறை எளியதன்று. பசித்தவருக்குச் சோறும் தாகித்தவருக்குத் தண்ணீரும் கொடுப்பதில் நமக்குக் குழப்பமில்லை. ஆனால், ஒன்றைத் தாமே தேடிக் கண்டடைய விரும்புகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது? இக்கேள்வியை எங்கள் முன் வைத்தது பெரிய நூலொன்றும் அன்று. நாளிதழின் ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையுமாய்க் காணப்படும் குறுக்கெழுத்துப் புதிர்தான்.

நாங்கள் இருங்காட்டுக்கோட்டையில் வாழ்கிறவர்கள். சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூரில் 1998இல் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்தன. அதன் பின் உதிரிபாக ஆலைகள் பல பெருகின. அன்றுமுதல் சங்கு ஊதும் நேரமே எங்கள் வாழ்வின் நேரமாயிற்று. வெவ்வேறு ஆலைகளில் பணிபுரியும் நாங்கள் நால்வர், கம்பெனிப் பேருந்து வரும்வரை ஒரு தேநீர்க் கடையில் ஒரே ஆங்கில நாளிதழைப் பகிர்ந்து படிப்போம். புதிர்ப் பக்கத்தைத் திருப்பும் பழக்கத்தை எங்களுக்கு உண்டாக்கியவர் எங்களினும் மூத்த ஒருவர். ஓர் ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின்னரும் காலைத் தேநீருக்கு வருவதை அவர் விடவில்லை. அவரை நாங்கள் 'சார்' என்றே அழைப்போம்.

இப்புதிரின் வரலாற்றையும் அவரே எங்களுக்குச் சொன்னார். லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் வைர வடிவில் ஒரு சொற்புதிரை வெளியிட்டார். அதுவே இன்றைய குறுக்கெழுத்தின் தாய். இங்கிலாந்துக்குச் சென்றதும் அது வேறொரு வடிவமும் கொண்டது. நேரான பொருளை மறைத்து, சொல்லைப் பிரித்தும் புரட்டியும் விளையாடும் புதிர் அங்கே வளர்ந்தது. நம் நாட்டில் 'தி இந்து' நாளிதழ் 1971இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது அதனை அமைத்துத் தந்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை 1958இல் ஏற்ற முதல் இந்தியர் அவர். அவர் பிறந்தது செங்கற்பட்டில். 1997 வரை எங்கள் ஊரும் செங்கற்பட்டு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. "நம்ம மாவட்டத்துக்காரர் போட்ட புதிரப்பா இது" என்று சார் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும்.

மறைபொருள் குறிப்பு எவ்வாறு அமையும் என்பதை அவர் தமிழிலேயே விளக்குவார். 'கொடு என மானிடம் கேட்டால் குளத்தில் பூக்கும்' என்று மூன்றெழுத்துக்கு ஒரு குறிப்பு. கொடு என்பதற்குத் 'தா'. மானில் ஒரு வகை 'மரை'. இரண்டையும் சேர்த்தால் 'தாமரை'. குறிப்பின் ஒரு முனையில் பொருள் இருக்கும். எஞ்சிய பகுதியில் வழி இருக்கும். பொருளையும் வழியையும் பிரிக்கத் தெரிந்தவருக்குக் கதவு திறக்கும்.

எங்கள் குழுவில் அவர் வகுத்த விதி ஒன்றுண்டு. விடை தெரிந்தவர் அதனைச் சொல்லலாகாது. தடுமாறுகிறவர் கேட்டால் முதலில் பொருள் எந்த முனையில் உள்ளதென்று காட்டலாம். அதற்கும் வராவிடில் முதல் எழுத்தைச் சொல்லலாம். அதற்கு மேல் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "சொல்லிடாதே. முதல் எழுத்து மட்டும் கொடு. அவன் தேடட்டும்" என்பார். கட்டங்களின் அமைப்பே இவ்விதியை ஒத்ததன்றோ? குறுக்கே எழுதிய சொல், நெடுக்கே வரவேண்டிய சொல்லுக்கு ஓர் எழுத்தை மட்டும் ஈந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

பரிசு ஒன்று நடுவில் வந்துவிட்டால் இவ்வுதவி வேறாகிவிடும். குறுக்கெழுத்துப் போட்டிகள் பெருந்தொகைப் பரிசுகளுடன் நம் நாட்டில் பெருகிய காலம் ஒன்றிருந்தது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சுட்டியே கட்டுப்படுத்தியது. ஒரு மாதத்துப் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயையும், ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் 2,000 என்னும் எண்ணிக்கையையும் மீறலாகாது என்று வரையறுத்தது. பணம் நோக்கமாகும்போது விடை ஒரு சரக்காகிவிடுகிறது. அதனை யார் கண்டுபிடித்தால் என்ன, எவரிடமிருந்து பெற்றால் என்ன? பரிசில்லாத நாளிதழ்ப் புதிரிலோ தேடுவதே பயன். இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் விடை கிடைக்கிறது. கட்டம் நிறைகிறது, ஆனால் நிறைத்தவர் நாமல்லர்.

இவ்விதியின் ஆழத்தை நாங்கள் முழுமையாக உணர்ந்த காலம் பின்னர் வந்தது. ஒருநாள் சாருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கை தளர்ந்தது, சில வாரங்களில் அது ஓரளவு திரும்பியது. சொல் திரும்பவில்லை. எதிரில் இருப்பது சீப்பு என்று அவருக்குத் தெரியும். அதனால் தலையை வாரிக்கொள்வார். அதன் பெயரைக் கேட்டால் "அது... அந்த..." என்று நின்றுவிடுவார். கண்களில் நீர் திரளும். இதனை மருத்துவர்கள் அஃபேசியா என்பர். 1861இல் பாரிசில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், 'டான்' என்னும் ஓரசையை மட்டுமே கூறிவந்த நோயாளி ஒருவரை ஆராய்ந்து, மூளையின் முன்பகுதியில் ஏற்பட்ட சேதமே அதற்குக் காரணம் எனக் காட்டினார். அறிவு அழிந்ததன்று, சொல்லுக்குச் செல்லும் பாதை அடைபட்டுள்ளது என்று எங்களுக்கும் விளக்கப்பட்டது.

அவரைக் காண வந்தோர் பலர். அன்பின் மிகுதியால், அவர் வாய் திறக்குமுன்னரே சொல்லை எடுத்து நீட்டினர். "தண்ணீரா? பேப்பரா? கண்ணாடியா?" அவர் தலையை ஆட்டுவார். நாளடைவில் வாய் திறப்பதே குறைந்தது. அப்போது பேச்சுப் பயிற்சி அளிக்கும் பெண்மணி அவர் துணைவியாரிடம் ஓர் அறிவுரை சொன்னார்: "சொல்லை நீங்கள் கொடுக்காதீர்கள், அம்மா. முதல் ஒலியை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்." அம்மா இதனை எங்களிடம் கூறியபோது நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். தேநீர்க் கடையில் அவர் எங்களுக்குக் கற்பித்த விதியல்லவா இது!

ஆங்கிலப் புதிர் இனி அவருக்குச் சுமை. ஆகவே, ஞாயிறுதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் தமிழில் சிறு கட்டங்கள் வரையத் தொடங்கினோம். தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிறப்புண்டு. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26; தமிழிலோ 247. ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுதாக அமர்கிறது. ஆதலால் புதிர் அமைப்பவருக்குத் தமிழ் கடினம்; விடை தேடுபவருக்கோ குறுக்கே கிடைக்கும் எழுத்து, மெய்யாக இல்லாதபோது, ஒலிக்கத் தகுந்த ஓர் அசையாகவே கைக்கு வருகிறது. பேச்சுப் பயிற்சியில் கேட்பதும் அந்த அசையைத்தானே.

'கப்பல்கள் வந்து நிற்கும் இடம்' என்று ஒரு ஞாயிறன்று ஒரு குறிப்பை வாசித்தோம். அவர் கை அலைபோல் அசைந்தது. பொருள் தெரிகிறது, சொல் வரவில்லை. "து" என்றோம். பிறகு ஒருவரும் பேசவில்லை. அம்மா கொணர்ந்த தேநீரில் ஆடை படிந்தது. சொல்லிவிட வேண்டுமென்று எங்கள் நாவு துடித்தது. நெடுநேரம் கழித்து, "துறை..." என்றார். மூச்சு வாங்கி, "...முகம்" என்றார். எழுதுகோலை அவரே வாங்கி, இடக்கையால் கோணல்மாணலாய் ஐந்து கட்டங்களையும் நிரப்பினார். எல்லா ஞாயிறும் இவ்வாறு அமைவதில்லை. வராத சொற்களே மிகுதி. புதிர் மருந்தென்று நாங்கள் கூறவில்லை. ஆயினும் அவர் வாய் திறக்கத் தயங்குவது இப்போது குறைந்துள்ளது.

அன்பு வாசகரே, நம் இல்லங்களில் கணக்குப் போடும் குழந்தை இருக்கிறது. எந்திரத்தின் முன் முதன்முதலாய் நிற்கும் பயிற்சித் தொழிலாளி இருக்கிறார். பெயர்களை மறந்து தவிக்கும் முதியவர் இருக்கிறார். அவர்களுக்குப் பதிலாக நாமே முடித்துவிடுவது விரைவானது. நமக்கு நிறைவும் தரும். ஆனால் அவர்கள் கையில் எதுவும் எஞ்சுவதில்லை. அருகில் அமர்ந்து, வேண்டிய அளவு மட்டும் கொடுத்து, அவர்கள் தேடும் நேரத்தை நம் நேரத்திலிருந்து ஈவது கடினமான உதவி. சார் எங்களிடம் கேட்பது அதைத்தான். வரும் ஞாயிறுக்கான கட்டத்தை நாங்கள் இப்போதே வரைந்து வைத்துள்ளோம்.