பேட்ச் பிரித்த சாருக்கு

மதிப்பிற்குரிய சார்,

இதை உங்கள் முகவரிக்கே அனுப்பியிருக்கலாம். நீங்கள் செய்த காரியம் மற்ற கல்லூரிகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பிறகு காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திய கவுன்சலிங். அந்த வழியாக பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் நேராக வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு மூன்றாவது செமஸ்டர்தான் தொடக்கம். மற்றவர்கள் அதற்குள் ஒரு வருடத்தை ஒன்றாகக் கழித்திருந்தார்கள். ஹாஸ்டல் அறையிலும் மெஸ் மேசையிலும் வகுப்பு பெஞ்சிலும் யார் பக்கத்தில் யார் என்பது முடிவாகியிருந்தது. யாரும் எங்களை ஒதுக்கவில்லை. எங்களுக்கென்று இடம் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

படிப்பில் பெரிய மலை எம்-3 என்று நாங்கள் சொல்லும் மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பாடம். டிப்ளமோவில் கணக்குப் பாடம் முதல் ஆண்டோடு எங்களுக்கு முடிந்துபோயிற்று. அடுத்த இரண்டு வருடம் மெஷினும் டிராயிங்கும்தான். இங்கே வந்ததும் எடுத்த எடுப்பில் ஃபூரியர் சீரிஸ். போர்டில் இன்டக்ரேஷன் இரண்டே வரியில் முடிந்துவிடும். நடுவில் விட்டுப்போன படிகளெல்லாம் முதலாண்டிலேயே பழகியிருக்க வேண்டியவை. பாடத்தைத் தமிழில் யோசித்துப் பழகிய எங்களில் பலருக்கு ஆங்கில விரிவுரை இன்னொரு சுமை.

இந்த நிலையில் லேப் பேட்ச் பிரிக்கும் நாள் வந்தது. அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண்ணில், எங்களைப் போல நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் மாணவர்களுக்குக் கடைசி மூன்று இலக்கம் 301 என்று தொடங்கும். எண் வரிசையில் பிரித்தால் நாங்கள் அத்தனை பேரும் கடைசி பேட்ச்சில் ஒன்றாக விழுவோம். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அந்த வரிசை அப்படியே தொடர்ந்தால், ஒரே வகுப்புக்குள் இரண்டு வகுப்புகளாக மூன்று வருடமும் ஓடிப்போகும்.

கிளாஸ் அட்வைசராக இருந்த நீங்கள் எண் வரிசைப் பட்டியலை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டினீர்கள். ஒவ்வொரு குழுவிலும் எங்களில் ஒருவர் அல்லது இருவர். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அந்த செமஸ்டர் லேபில் லேத் இருந்தது சார். ஃபேசிங், டேப்பர் டர்னிங், நர்லிங், த்ரெட் கட்டிங். டூலை சென்டர் உயரத்துக்கு எப்படி வைப்பது, ஹாஃப் நட் லீவரை எந்த நேரத்தில் போடுவது என்பதெல்லாம் எங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். என் குழுவில், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த ஒரு பையன் சக்கில் ஜாப் மாட்டத் தெரியாமல் நின்றான். நான் காட்டிக்கொடுத்தேன். அன்று இரவே அவன் தன்னுடைய முதலாண்டுக் கணக்கு நோட்டோடு என் அறைக்கு வந்தான். ஈவன் ஃபங்ஷன், ஆட் ஃபங்ஷன் பார்த்துப் பாதிக் கணக்கைக் குறைப்பது எப்படி என்று அவன் சொல்லிக்கொடுத்தபோது, தெரியாததைத் தெரியாது என்று கேட்க எனக்குக் கூச்சமே வரவில்லை. மத்தியானம் அவனும் என்னிடம் அப்படித்தானே கேட்டிருந்தான்!

விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட எங்களைப் போன்றவர்களுக்கென்று பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தும் கல்லூரிகள் உண்டு. அது தேவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் உட்கார்ந்திருப்பது நாங்கள் மட்டும்தான், வாங்கிக்கொள்பவர்களாகத்தான் உட்கார்ந்திருப்போம். நீங்கள் எங்களைக் கொடுப்பவர்களாகவும் நிற்க வைத்தீர்கள். எம்-3இல் நான் தேறியதற்கும், இன்றும் வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்கும் நண்பர்கள் எனக்குக் கிடைத்ததற்கும் அந்த ஒரு தாள்தான் காரணம் என்று மனதார நம்புகிறேன். நன்றி சார்.

அடுத்த லேட்டரல் பேட்ச் வந்து சேரும்போது லேப் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எண் வரிசையைக் கலைத்துப் போடுங்கள். அரை மணி நேர வேலைதான்.


உங்கள் மாணவன்