புல்லுக்கு என்ன விலை?

சுருளிப்பட்டியில் கணக்குத் தெரியாதவர் கிடையாது. கவாத்துக் கூலி எவ்வளவு, பந்தல் கம்பி எவ்வளவு, பன்னீர்த் திராட்சை என்ன விலைக்குப் போனால் கையைக் கடிக்காது என்பதையெல்லாம் நம்மிடம் படிக்கும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அத்தகைய ஊரிலிருந்து சென்ற விடுமுறையில் மல்லிப்பட்டினம் போயிருந்தோம். நம் சுருளியாற்று நீர் வைகையில் கலந்து, வழியில் மிச்சமிருந்தால், போய்ச் சேரும் பாக் விரிகுடாவின் கரையிலேதான் அவ்வூரும் இருக்கிறது.

கரையெங்கும் நாடா நாடாகக் காய்ந்த புல் ஒதுங்கிக் கிடந்தது. "இந்தக் குப்பையை யாரும் அள்ளுவதில்லையா?" என்று கேட்டுவிட்டோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குப்பை இல்லீங்க ஐயா, தாழை. நண்டுக் குஞ்சு வளர்ற இடம்" என்றார்.

பட்டம் பெற்ற நாம் அதுவரை அதைப் பாசி என்றே எண்ணியிருந்தோம்! கடற்புல்லுக்கு வேர் உண்டு. நீருக்கடியிலேயே பூத்து விதையும் விடும். இறால், நண்டு, ஓரா முதலியவற்றின் குஞ்சுகள் அதனுள் ஒளிந்தே பிழைக்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்குக் குறையாமல் அதை மேயும். அதன்பொருட்டு 2022-இல் தமிழக அரசு இவ்விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. புல், அலையின் வேகத்தைத் தணித்து வண்டலையும் படியவைக்கிறது. சரபோஜி மன்னர் கட்டிய மனோராவைப் பார்க்க வருவோர் அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கிறார்களே அன்றி, காலடியில் ஒதுங்கியதைப் பார்ப்பதில்லை.

1997-இல் கோஸ்டான்ஸா என்பவரும் தோழர்களும் உலக இயற்கைக்கே விலை மதிப்பிட்டார்கள். கடற்புல்லும் பாசியும் படர்ந்த பரப்பில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 19,004 டாலர் என்பது அவர்கள் கணக்கு. பெரிய தொகைதான். ஆனால் ஏறக்குறைய முழுவதும், நீரில் உரச்சத்தைச் சுழலச் செய்யும் வேலைக்கே சேர்ந்தது. மீனுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் உரிய கட்டங்கள் அந்தப் பட்டியலில் வெறுமையாகவே நின்றன! திராட்சைத் தோட்டத்துக்கு விலை பேசும்போது பழத்தை விட்டுவிட்டுப் பந்தல் நிழலுக்கு மட்டும் விலை வைப்பார் உண்டோ?

விசைப்படகின் இழுவலை இந்தப் புல்லை வேரோடு வாரிவிடுகிறது. கரையை ஒட்டிய கடலில் அப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்பது சட்டம். அதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டோம். அவர் மகனே விசைப்படகில் கூலிக்குப் போகிறானாம்.

"அடுப்பு எரியணுமே ஐயா" என்று சொல்லி, மறுபடியும் வலையைப் பிரிக்கலானார்.