இரைச்சல் டேப்பிலா, ஒயரிலா?

எங்கம்மாவின் தாலாட்டு ஒரே ஒரு கேஸட்டில்தான் இருக்கிறது. 1986-ல் காரமடை வீட்டில் தம்பியைத் தொட்டிலில் ஆட்டும்போது மாமா பதிவு செய்தது. அம்மா இப்போது இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வாங்கினோம். பாட்டை அமுக்கிக்கொண்டு 'ங்ஙொய்' என்று ஒரே இரைச்சல்!

"டேப் போச்சும்மா, விட்டுருங்க" என்றாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. டேப்பை நிறுத்தினேன்; அப்போதும் இரைச்சல் கேட்டது. அப்படியானால் குற்றம் டேப்பில் இல்லையே! லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரியில் ஓடியதும் இரைச்சல் அடங்கி, அம்மா குரல் தெளிவாக வந்தது.

டேப்ரெக்கார்டர், லேப்டாப் இரண்டையும் கரண்டில் செருகியிருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் இணைப்பு ஒயர் வழியே பாட்டில் கலந்துவிடுவதுண்டு.

பிறகும் 'கொரகொர'வென்றால், கன்வெர்ட்டரை நேராக லேப்டாப்பில், வேறொரு துவாரத்தில் செருகிப் பாருங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். பதிவின் சத்த அளவைக் குறையுங்கள். டேப் ஓடும்போது மட்டும் வரும் மெல்லிய 'உஸ்' டேப்புக்கே உரியது, பயப்பட வேண்டாம். குரல் மந்தமாக இருந்தால், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள்.

பழைய கேஸட்டைக் குப்பையில் போடுமுன், சகோதரிகளே, ஒருமுறை டேப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்!