ஆரணி பட்டு இழையும் ரோபோ ஆபரேஷனும்

ஆரணி நெசவுத் தெருக்களில் பாவை நீளமாக இழுத்துப் பிடிக்க இரு முனையிலும் ஆள் வேண்டும். அதிகமாக இழுத்தால் இழை அறும். எவ்வளவு இழுக்கலாம் என்பது கைக்குத்தான் தெரியும். மற்றதெல்லாம் சத்தம் போட்டுச் சொல்லிக்கொள்வதுதான்.

ஆபரேஷனில் தையல் போடவும் பட்டு இழை உண்டு. இப்போது அங்கே ரோபோவும் வந்தாச்சு. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே 2022ல் வந்துவிட்டது. 'எந்திரன்' சிட்டி பிரசவம் பார்த்த மாதிரி அது தானாக எதுவும் செய்யாதுங்க!

உலகில் அதிகம் புழங்கும் டாவின்சியில், டாக்டர் சில அடி தள்ளி ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் கை அசைந்தால் ரோபோ கை அசையும். ஆனால் 2024ல் வந்த டாவின்சி 5க்கு முந்தைய மாடல்களில் இழையின் இறுக்கம் அவர் விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துக் கணிக்க வேண்டியதுதான்... தப்பினால் இழை அறும்.

இன்னொரு சங்கடம், பக்கத்தில் இருப்பவர்கள் முகமும் அவருக்குத் தெரியாது. கண் ஜாடை செல்லாது. "கருவி மாத்துங்க" என்றால் "மாத்தியாச்சு" என்று வாய்விட்டுப் பதில் வரணும்.

திடீரென்று ரத்தம் பீறிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால்? முதலில் ரோபோ கைகளைக் கழற்றணும். பெட்டியில் இருந்தவர் கை கழுவி, கவுன் மாட்டி வரும்வரை ரத்தத்தை அடக்குவது நோயாளி அருகில் நிற்கும் உதவி டாக்டரும் நர்ஸும்தான். செய்திப் படங்களில் இவர்களைப் பார்த்திருக்கீங்களா?