கம்பளம் கழுவிய கதை

எங்கள் கொழும்பு வீட்டின் கம்பளத்தை வைத்திருப்பதா, கழித்துவிடுவதா என்று ஒரு மாதமாக வாதம். இளைய மகளுக்குத் தொய்வு. தூசி ஆகாதென்றார் வைத்தியர். கம்பளமோ என் தகப்பனாரின் தேட்டம்.

ஈற்றில், இத்தொழிலே செய்யும் இருவரை அழைத்தோம். வந்தவுடன் தண்ணீரூற்றுவார்களென எண்ணியிருந்தோம். அவர்களோ அரைமணி நேரம் காய்ந்த தூசியையே இயந்திரத்தால் உறிஞ்சினர். "நனைத்தால் தூசி சேறாகிவிடும், ஐயா" என்றார் மூத்தவர். பின்னர் மென்மையான சவர்க்கார நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டனர்.

அடுத்ததுதான் உண்மையான கழுவல். சுடுநீரை அமுக்கத்துடன் இழைகளின் அடிவரை செலுத்தி, மறுகணமே அழுக்கோடு உறிஞ்சியெடுக்கிறது அக்கருவி. நீராவிக் கழுவல் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் அது சுடுநீரே. அதுவும் அளவான சூடுதான். மிஞ்சினாற் கம்பளி சுருங்கும். தொட்டியிற் சேர்ந்த நீரைக் கண்டு மனைவி வாயடைத்துப் போனாள். சவர்க்காரம் எஞ்சினால் அதுவே புது அழுக்கை ஈர்க்குமாம்; ஆகவே வெறும் நீராலும் அலசினார்கள்.

மழைக்காலக் கொழும்பில் உலர்த்துவதே பெரும்பாடு. ஒருநாளுக்குள் காயாவிடிற் பூஞ்சணம் பிடிக்கும். அதுவும் தொய்வுக்கு ஆகாது. இரவு முழுவதும் இரு மின்விசிறிகள் சுழன்றன.

மகளை இன்னும் அதன்மேல் இருக்கவிடவில்லை. அடுத்த வாரம் வைத்தியரைக் கேட்க வேண்டும்.